சுண்டு விரலின் முறைப்பாடு

மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு நாள் காலையில் என் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. சூடு பட்டதாலோ, யாரும் தட்டியதாலோ இல்லை. கோப்பையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போயிருந்தன.

"ராவு முழுக்க முழிச்சா இப்புடித்தான்" என்று சொல்லிக்கொண்டே உம்மா கூட்டி அள்ளினாங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ரெண்டு நாளில் பழகிவிடும் என்று விட்டேன்.

நான் மடவளையில் வீட்டிலிருந்தே டைப் செட்டிங் செய்கிறவன். டியூஷன் சேர்மார் கையால் எழுதிய டியூட்டுகளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைத் தமிழில் அடித்து, படம் வைத்து, திருத்தி, பிடிஎஃப் ஆக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இடைக்கிடை கல்யாணக் கார்ட்டும் வரும், யாராவது ஒருவருடைய கவிதைப் புத்தகமும் வரும். கூலி பக்கக் கணக்கு. எழும்பி அஞ்சு நிமிஷம் நடந்தால் அந்த அஞ்சு நிமிஷத்துக்குக் காசில்லை. பரீட்சைக் காலத்தில் நான் எழும்புவதே இல்லை.

கை மரத்ததற்கு முதலில் நான் குற்றம் சாட்டியது பாமினியை. நம்ம நாட்டில் டைப் செட்டிங் செய்கிற ஆக்களுக்கு பாமினி எழுத்துருவைத் தெரியாமல் இருக்காது. அதில் புள்ளி வைக்க செமிகோலனை அடிக்க வேண்டும். 'கி', 'மி' என்று எழுத மேலே போடுகிற வளைவுக்கு 'பீ'. இரண்டுமே வலது சுண்டு விரலின் வேலை. என்டரும் பேக்ஸ்பேஸும் அதே விரலுக்குத்தான். 'தமிழ்' என்று அடித்துப் பாருங்கள்: ஜே, கே, பீ, ஓ, செமிகோலன். முழுச் சொல்லையும் வலது கைதான் அடிக்கிறது, அதில் ரெண்டு அடி சுண்டு விரலுக்கு. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? அப்படியென்றால் இந்த விரல் சாகத்தானே வேண்டும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இதை வாப்பாட்ட சொல்லவில்லை. வெட்கம். வாப்பா புடவைக் கடையில் முப்பது வருஷம் பேல் தூக்கியவர். அவருக்கு இடுப்பு வலி வந்தால் முழு வீடும் அடங்கிவிடும். அது உழைத்த வலி. என்னுடையது? "கதிரையில இருந்துகொண்டு செய்ற வேலைதானே மகன், அதுல என்ன வருத்தம்?" என்று அவர் முன்னொரு நாள் சிரித்தது மனதில் இருந்தது. பரீட்சை முடிந்து, பேனையும் சரியாகப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் வத்தேகம பஸ்ஸைப் பிடித்து கண்டிக்குப் போய் ஒரு டொக்டரைக் கண்டேன்.

பாமினிக் கதையை அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் மேசையைக் காட்டி, "நீங்க வேல செய்ற மாதிரி இருந்து காட்டுங்க" என்றார். நான் இருந்தேன். முழங்கை தானாகவே போய் மேசை விளிம்பில் குந்தியது. அவர் அந்த இடத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் ஓடியது.

"விரல்ல பிரச்சின இல்ல தம்பி. இங்கதான்."

முழங்கை எங்காவது இடிபட்டால் ஷொக் அடிக்குமே, அது எலும்பு இல்லை, நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழேதான் அது போகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்பு. விளிம்பில் ஊன்றினால் நசுங்கும், கையை நெடுநேரம் மடித்து வைத்திருந்தால் இழுபடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அது வேறு கதை: மணிக்கட்டு வழியாகப் போகிற இன்னொரு நரம்பு. எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தால் எங்கே நசுங்குகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். கவனிக்காமல் விட்டால் கையில் உள்ள சின்னத் தசைகள் மெலிந்து, பிடியே போய்விடலாம். ரெண்டு கிழமையாக மரத்த கையைப் 'பழகிவிடும்' என்று விட்ட எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை வறண்டது.

மேசை எங்கிருந்து வந்தது? ராத்தாவின் பழைய தையல் மெசின் மேசை அது. எனக்கு உயரம் கூட, விளிம்பு கூர். முழங்கையை மடித்து வைக்கிற பழக்கம் வந்தது 2022இல். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்குமே. கரண்ட் இருக்கிற நேரத்தில் லெப்டொப்பை சார்ஜ் பண்ணி, மற்ற நேரத்தில் கட்டிலில் சரிந்து கிடந்து அடித்தேன். கரண்ட் வெட்டு போனது, பழக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தபோது ஒரு ஆறுதல் கிடைத்தது. பெர்னார்டினோ ரமாஸ்ஸினி என்று ஒரு இத்தாலிய வைத்தியர், தொழிலால் வருகிற நோய்களைப் பற்றி எழுதிய நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்திருக்கிறார். அவர்களுடைய நோய்க்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று: இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மனப்பாரம். இறகுப் பேனாக் காலத்து ஆட்களுக்கு எழுதியது, மடவளையில் டியூட் அடிக்கிற எனக்கும் பொருந்துகிறது. கதிரையில் இருந்து செய்தாலும் வேலை வேலைதான் என்று 300 வருஷத்துக்கு முன்னமே ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார்.

அடுத்த வீட்டு மாமா ஓய்வு பெற்ற கிளார்க். டைப்ரைட்டரில் படித்தவர். அவரிடம் கதை சொன்னபோது, "எங்களுக்கு முழங்கைய எங்கயும் ஊன்ட விடமாட்டாங்க மகன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரி முடிவிலும் கையைத் தூக்கி நெம்பைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் சொருக வேண்டும். ஓய்வு மெசினுக்குள்ளேயே இருந்தது. கொம்பியூட்டர் அந்த ஓய்வையெல்லாம் எடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் தந்தது. எடுத்ததை நாம்தான் திரும்ப வைக்க வேண்டும்.

நான் திரும்ப வைத்தவை பெரிய விஷயங்கள் இல்லை. லெப்டொப்பைப் பழைய புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தனியாக ஒரு கீபோர்ட் வாங்கினேன். கதிரையில் தலையணை போட்டு உயர்த்தினேன், முழங்கை இப்போது விளிம்பில் படாமல் உடம்போடு தொங்குகிறது. கால் நிலத்துக்கு எட்டாததால் அடியில் ஒரு பலகை. கோல் வந்தால் ஃபோனைக் காதில் வைத்துக் கையை மடிக்காமல் ஸ்பீக்கரில் போடுகிறேன்.

கண்ணுக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 செக்கன் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதிர்மேட்டுக் கமுகு மரங்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதி கூட இமைக்காமல் போகலாம். கண் எரிவது அதனால்தான். பாங்கு சொன்னால் அரைவாசியில் நிற்கிற வரியையும் விட்டுவிட்டு எழும்புகிறேன். முன்னர் "இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாரன்" என்பேன். அந்தப் பக்கம் ஒரு நாளும் முடிந்ததில்லை.

நம்ம நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று 1954இலிருந்து இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று அது எல்லை போடுகிறது. தையல் மெசின் மேசையில் பக்கக் கூலிக்கு அடிக்கிறவனை யாரும் வந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நானே முதலாளி, நானே கூலியாள். நான் கண்ட மோசமான முதலாளி நான்தான். ஒன்லைன் வேலை, எடிட்டிங், கோடிங் என்று வீட்டுக்குள் இருந்து உழைக்கிற என் கூட்டாளிமாருக்கும் இதே முதலாளிதான்.

வருமானம் குறைந்ததா? குறைந்தது. முதல் மாதத்தில் பக்கங்கள் நன்றாகவே குறைந்தன. ஒரு சேர் வேறு ஆளிடம் போய்விட்டார். ஆனால் மரத்த கையோடு நான் விட்ட எழுத்துப்பிழைகளைத் திரும்பத் திருத்திய நேரத்தையும் கணக்கில் எடுத்தால் நட்டம் அவ்வளவு இல்லை.

கை மடியாமல் இருக்க, இரவில் முழங்கையைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்லியிருந்தார் டொக்டர். அதைப் பார்த்துத்தான் வாப்பாவுக்கு விஷயம் தெரிய வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து வரும்போது மெதுவான துவாய்த் துண்டு ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கை எப்புடி ஈக்கி?" என்று கேட்டார். அவருடைய இடுப்பைப் பற்றி நாங்கள் கேட்கிற அதே குரல்.

மூன்று மாதத்துக்குப் பிறகு மோதிர விரல் முழுக்கத் திரும்பி வந்தது. சுண்டு விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. புள்ளியை அதே விரலால்தான் வைக்கிறேன்.

இதை நீங்கள் ஃபோனில் வாசித்துக்கொண்டிருந்தால், உங்கள் முழங்கை இப்போது எங்கே ஊன்றியிருக்கிறது என்று ஒருக்கா பாருங்கள்.