முதுகு காட்டாத கூத்து

மட்டக்களப்புக் கூத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. அது ஆடப்படும் இடம் வட்டக்களரி. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். ஆடுபவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஊர் நாலு பக்கமும் இருந்து பார்க்கும். விடிய விடிய ஆட்டம். அம்மம்மா பாயும் தலையணையும் கொண்டுபோவாவாம். (எங்களுக்கு இரண்டரை மணி நேரப் படமே நீளம்!)

இந்தக் கூத்து பல்கலைக்கழகத்துக்குள் போனது பேராதனையில். அங்கே கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' மரபே தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்ததுதான். அவருடைய 'சிங்கபாகு' 1961இல் அதே வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் ஏறியது. மலைச்சரிவில் இருக்கும் அந்த அரங்கை மாணவர்கள் 'வள' என்பார்கள். சிங்களத்தில் குழி என்று அர்த்தம். இன்று அதற்குச் சரச்சந்திரவின் பெயர்.

பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். படித்த தமிழர் பலர் கூத்தை நாட்டுப்புறத்தார் ஆட்டம் என்று ஒதுக்கிய காலம் அது. அவர் அண்ணாவிமாரை அழைத்து, மாணவர்களை ஆடவைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்'. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அதே நாடகத்தைத் தன் மாணவர்களுக்குப் பழக்கினார்.

ஆனால் மேடைக்கு வந்ததும் ஓர் இரவு, ஒரு மாலை நேரத்துக்குள் சுருங்கியது. வட்டம் போய், ஒரே பக்கம் பார்த்து ஆடவேண்டி வந்தது. அந்த விலை கொடுத்திருக்காவிட்டால் கூத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்திராது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக நாங்களும் அதையே தொடர்ந்து கொடுக்க வேண்டுமா?

போன வருடம் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க விழாவில் இருபது நிமிடக் கூத்து ஆடினோம். நல்ல அரங்கு, மெத்தென்ற இருக்கைகள். அம்மம்மா மூன்றாவது வரிசையில் இருந்தா. முடிந்ததும், "நல்லா இருந்தது மகள். ஆனா ஒருத்தரும் முதுகைக் காட்டயில்லையே" என்றா.

இந்த முறை விளையாட்டு மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். கதிரைகளை வட்டமாகப் போடலாம். தீ விபத்து என்றால் வெளியேற எத்தனை வழி விடவேண்டும் என்பதில்தான் பேச்சு இழுபடுகிறது.