பூட்டிக் கிடக்கும் பக்கங்கள்

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஒரு வாட்ச்மேன் இருக்கிறான், தெரியுமோ? லினக்ஸ் கெர்னலில் அவன் பெயர் ‘கேஸ்வாப்டி’. காலி மெமரி ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை தூங்குவான். இறங்கினால் எழுந்து, ரொம்ப நேரம் யாரும் தொடாத பக்கங்களாகப் பார்த்து, திருத்தம் இருந்தால் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, இடத்தைக் காலி பண்ணுவான். மேல்கோட்டைத் தொட்டதும் மறுபடி தூக்கம். அவனால் முடியாவிட்டால் இடம் கேட்டு வந்த புரோகிராமே வேலையை நிறுத்திவிட்டுப் பெருக்க வேண்டும். போன் ‘தொங்குவது’ பல சமயம் இதனால்தான். அதுவும் போதவில்லையென்றால் ஏதாவது ஒரு ஆப் பலி.

‘தொடாதே’ என்று பூட்டிய பக்கங்களை மட்டும் அவன் சீண்டுவதில்லை. பூட்டியவரே வந்து திறக்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களையும் இப்படித்தான் மணலி, திருவொற்றியூர் யார்டுகளுக்குத் தள்ளி இடம் பண்ணுகிறார்கள். அங்கேயும் பூட்டிய பக்கங்கள் உண்டு. 2015-ல் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட், ஏறக்குறைய 700 டன், 37 கண்டெய்னர்களில் மணலி யார்டு ஒன்றில் கிடந்தது. கேஸ், ஏலம் என்று ஐந்து வருஷம். 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் அதே சரக்கு வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம்தான் இங்கே விழித்துக்கொண்டு, அந்த மாதமே லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

நான் மணலிக்காரனாக இருந்தால், ‘இவ்வளவுதானா சார் வேலை?’ என்று கேட்டிருப்பேன்.