டேங்க் ஊரில் கார் தேடிய கதை!

"மச்சி, எங்க வீட்ல எஸ்யூவி வாங்கப் போறாங்கடா!"

காலேஜ் கேன்டீன்ல இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்க. அடுத்த நிமிஷமே பத்து பேர் பத்து வண்டி பேரைச் சொல்வாங்க. "ஃபோர் வீல் டிரைவ் இல்லாட்டி அது எஸ்யூவியே இல்ல"னு ஒருத்தன் சத்தியம் பண்ணுவான். "சன் ரூஃப் இருக்கா?"னு ஒருத்தி கேட்பா. அதுல பாதிப் பேருக்கு லைசென்ஸே இருக்காது!

எங்க வீட்லயும் இந்தப் பட்டிமன்றம் மாசக்கணக்கா ஓடுச்சு. தீர்ப்பு கிடைச்சது ஷோரூம்ல இல்லீங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, பூண்டினு நாங்க சுத்தின ரோட்டுல கிடைச்சது. வாங்க, நீங்களும் வண்டியில ஏறுங்க.

அந்த டிசம்பர் ராத்திரி

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? அம்பத்தூர், கொரட்டூர், பட்டரவாக்கம்னு எங்க ஏரியா முழுக்கத் தண்ணி. கரன்ட் இல்ல. பாட்டிக்கு மூச்சிரைப்பு. நெபுலைசர் ஓட வழியில்ல. அப்பா எங்க பழைய சின்னக் காரை எடுத்தார். தெருமுனையில தண்ணி முழங்கால் வரைக்கும். பாதி தூரத்துல வண்டி நின்னுடுச்சு.

"அப்பா, இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கப்பா!"

சொன்னது நான்தான். அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்'குனு ஒரு சத்தம். அவ்ளோதான், கதை முடிஞ்சது.

என்ன நடந்ததுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இன்ஜின் மூச்சு விடுற குழாய் வழியா தண்ணி உள்ளே போயிருக்கு. காத்தை அழுத்தினா சுருங்கும், தண்ணி சுருங்காது. மேலே வந்த பிஸ்டன் தண்ணியில முட்டி, கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. தண்ணியில நின்னுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணாம தள்ளிட்டுப் போயிருந்தா, ஒருவேளை பிழைச்சிருக்கும்.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் தன்னோட குட்டியானையில பாட்டியை ஏத்தி ஆஸ்பத்திரியில சேர்த்தார். பாட்டி நல்லாயிட்டாங்க. கார் நல்லாகல. இன்ஷூரன்ஸ்ல 'இன்ஜின் புரொடக்ஷன்'னு தனியா ஒரு கவர் சேர்த்திருக்கணுமாம். நாங்க சேர்க்கல. ரிப்பேர் செலவு வண்டியோட விலைக்குப் பக்கத்துல வந்ததால, கிடைச்ச காசுக்குத் தள்ளிட்டோம். அப்புறம் ரெண்டு வருஷம் எங்க வீட்ல கார் கிடையாது. என் காலேஜ் ஃபீஸ் கட்டவே அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை, இன்னிக்கும் மழை பெய்ஞ்சா காதுல கேட்கும்.

அதனால 2025 கடைசியில அப்பா "இந்தத் தடவை உசரமான வண்டியாப் பார்ப்போம்"னு சொன்னப்போ, நான் ப்ரோஷரோட ரெடியா நின்னேன்.

எது எஸ்யூவி?

இதுக்கு வரிச் சட்டத்துல ஒரு பதில் இருந்துச்சு. நாலு மீட்டருக்கு மேல நீளம், 1500 சி.சி.க்கு மேல இன்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேல கிரவுண்ட் கிளியரன்ஸ். இது மூணும் இருந்தா எஸ்யூவினு கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறினப்போ கணக்கும் மாறுச்சு. நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி., டீசல்னா 1500 சி.சி. வரைக்கும் 18 சதவிகிதம். அதைத் தாண்டினா 40 சதவிகிதம். 'காம்பேக்ட் எஸ்யூவி' எல்லாம் ஏன் அளவெடுத்த மாதிரி நாலு மீட்டருக்குள்ளயே நிக்குதுன்னு இப்போ புரியுதா?

என் கையில இருந்த ப்ரோஷர்ல தாருக்கு 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ.னு கிரவுண்ட் கிளியரன்ஸ் போட்டிருந்துச்சு. நான் அதைப் படிச்சுக் காட்டினப்போ தாத்தா கண்ணாடியைக் கழட்டினார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில டேங்க்குக்கு நட்டு முடுக்கி ரிட்டயர் ஆனவர் அவர்.

"இது ஆள் ஏறாதப்போ எடுத்த அளவா, ஏறினப்புறமா?"

நான் கப்சிப். பெரும்பாலும் காலி வண்டியில எடுத்த அளவுதான் போடறாங்க. நம்ம வண்டியிலயோ ஆறு பேர், ஒரு குடம், ரெண்டு மூட்டை!

"காகிதத்துல கார் வாங்காதே. நம்ம ரோட்டுல ஓட்டிப் பார்த்து வாங்கு"ன்னார் தாத்தா. ஷோரூம்ல பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவ்தான் கிடைக்கும். அதனால மனசுல இருந்த மாடலை செல்ஃப் டிரைவ்ல ஒரு வீக் எண்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. கூடவே சித்தப்பாவோட பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். நான் சித்தப்பா கட்சி!

டெஸ்ட் 1: அம்பத்தூர் எஸ்டேட்

1964-ல் வந்த எஸ்டேட் இது. லேத், ஸ்பிரிங், கேஸ்கெட்னு வண்டிக்குள்ள இருக்கிற சின்னச் சின்னப் பொருள் செய்யுற பட்டறைங்க இங்கே ஏராளம். பக்கத்துல பாடியில வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். ஊரே வண்டிக்கு உறுப்பு செய்யுது. அந்த உறுப்பையெல்லாம் சோதிக்கற ரோடும் இங்கேயேதான் இருக்கு! லாரி ஓடி ஓடி அலை அலையா நிக்கிற தார், மழைக்கு அப்புறம் ஆழம் தெரியாத பள்ளம், பெயின்ட் அடிக்காத வேகத்தடை.

ஆறு பேரும் ஏறினோம். தங்கச்சி ஸ்கேலோட இறங்கி, காலியா இருந்தப்போ அளந்த அதே இடத்தை மறுபடி அளந்தா. வண்டி மூணு விரல்கடை இறங்கியிருந்துச்சு! இருந்தும் வேகத்தடையில அடிவயிறு தட்டல. அது பாஸ்.

சித்தப்பா ஜீப்? பாட்டியால ஏறவே முடியல. ஸ்டூல் போட்டு ஏத்தினோம். ரெண்டாவது பள்ளத்துல "எனக்கு பஸ்ஸே போதும்டா"ன்னுட்டாங்க. என் கட்சிக்கு முதல் தோல்வி.

டெஸ்ட் 2: ஆவடி

சி.டி.ஹெச். ரோட்டுல மேற்கே போனா ஆவடி. 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு நடந்து, 'சோஷலிச மாதிரி சமுதாயம்'னு தீர்மானம் போட்ட ஊர். பத்து வருஷம் கழிச்சு, 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் இங்கேயிருந்து உருண்டு வந்துச்சு. அப்புறம் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா. அர்ஜுனை வடிவமைச்ச சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சிக்கூடமும் இதே ஊர்தான். இந்தியாவோட பெரிய ஆஃப்-ரோடருங்க பிறந்த ஊர் பாஸ் இது!

காம்பவுண்ட் சுவர் ஓரமா போகும்போது தாத்தா ஒரு கேள்வி போட்டார்.

"58 டன் அர்ஜுன், உங்க ஒன்றரை டன் கார். சேத்துல எது முதல்ல புதையும்?"

"டேங்க்!"னு கத்தினோம். தப்பு. அர்ஜுனோட சங்கிலிப் பட்டை அகலமா, நீளமாத் தரையில படியுது. அதனால ஒரு சதுர சென்டிமீட்டர் மேல விழற பாரம் ஒரு கிலோவுக்கும் கம்மி. 32 பி.எஸ்.ஐ. காத்தடிச்ச கார் டயரோ, அதே இடத்துல ரெண்டேகால் கிலோ அழுத்தும். டேங்க் போற சேத்துல கார் மாட்டும்!

"ஆஃப்-ரோடுன்னா முதல்ல டயரைப் பார். பளபளன்னு பெரிய அலாய் வீலு, அதைச் சுத்தி மெல்லிசா ஒரு ரப்பர் இருந்தா வேண்டாம். டயரோட பக்கவாட்டுச் சுவர் உசரமா இருந்தாத்தான் பள்ளத்தோட குத்தைத் தாங்கும்." தாத்தா சொன்ன இந்த ஒரு பாயின்ட்லயே, டாப் மாடலை விட்டுட்டு அதுக்குக் கீழே இருந்த மாடலுக்கு வந்தோம். காசும் மிச்சம்!

டெஸ்ட் 3: பூந்தமல்லி

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியா தெற்கே இறங்கினா பூந்தமல்லி. மெட்ரோ வேலைக்காக வருஷக்கணக்கா குறுகிக் கிடந்த ரோடு. கிளட்ச் மிதிச்சே கால் வலிக்கிற டிராஃபிக். 'மலையேறுற வண்டி' கனவெல்லாம் கரையான்சாவடி சிக்னல்ல கரைஞ்சிடும். நம்ம வண்டி வாழ்நாள்ல முக்கால்வாசி இங்கேதானே நிக்கப் போகுது? அதனால அப்பா இங்கே பார்த்தது மைலேஜ், கிளட்ச், லாரிக்கு நடுவுல நுழையற அகலம்.

ஊரைத் தாண்டினா பெங்களூர் ஹைவே. 1998-ல் முதல் சான்ட்ரோ வந்த இருங்காட்டுக்கோட்டை, தெற்கே தள்ளி 2012-ல் டஸ்டர் வந்த ஓரகடம். டஸ்டர் உற்பத்தி 2022-ல் நின்னாலும், கடனில் கார் வாங்கற வீட்டுக்கும் எஸ்யூவி எட்டும்னு காட்டின வண்டிகள்ல அதுவும் ஒண்ணு. ஹைவேல உசரமான வண்டி வளைவுல கொஞ்சம் சாயும். பாட்டிக்குத் தலை சுத்துதானு பார்த்தோம். சுத்தல. அதுவும் பாஸ்.

டெஸ்ட் 4: பூண்டி, குடியம்

மறுநாள் ஞாயிறு. பட்டாபிராம்ல 2024-ல் திறந்த 21 மாடி டைடல் பார்க்கை அண்ணாந்து பார்த்துட்டு, திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டி பூண்டி. 1944-ல் கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே கட்டின ஏரி. சென்னைக் குழாய்ல வர்ற தண்ணிக்கு இதுவும் ஒரு தாய்வீடு.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. பக்கத்துல அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டுபிடிச்ச கற்கால இடம். இங்கே கிடைச்ச கல் கோடரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல் ஆராய்ச்சி வெளியாச்சு. அந்தக் காலத்து ஆட்களோட ஆஃப்-ரோடு வண்டி... ரெண்டு கால்!

குடியம் குகைக்குப் போற பக்கம்தான் எங்க நிஜப் பரீட்சை. செம்மண், கூழாங்கல், ஓரத்துல முள்ளு, நடுவுல மழை அரிச்ச பள்ளம். ஒரே ஒரு இடத்துல மணல் சேர்ந்து முன் சக்கரம் சும்மா சுத்துச்சு. அப்பா பதறாம ரிவர்ஸ் எடுத்து, கல் இருந்த ஓரமா ஏத்தினார். வந்துடுச்சு! அதே இடத்துல சித்தப்பா ஜீப் நாலு சக்கரத்துலயும் பிடிச்சு அலட்டாம ஏறுச்சு. ஒத்துக்கறேன், அது தனி கெத்துதான்.

ஊரோட வண்டியை நிறுத்திட்டோம். அதுக்கு மேல காப்புக்காடு, நடைதான். காட்டுக்குள்ளயும், ஏரிப் படுகையிலயும் வண்டி விடறது ஆஃப்-ரோடிங் இல்ல மக்களே, அராஜகம்!

சாயந்திரம் அப்பா கணக்குப் போட்டார். ரெண்டு நாள் சுத்தினதுல ஃபோர் வீல் டிரைவ் நிஜமா உதவின தூரம், தாராளமா வெச்சாலும் இருநூறு மீட்டர். அதுக்காக சில லட்சம் ரூபாயும், கூடுதல் பெட்ரோலும், பாட்டியோட முதுகும்? வருஷத்துக்கு நாலு தடவை மலை, மணல்னு போற வீடுன்னா கண்டிப்பா வாங்குங்க. எங்க வீடு அது இல்ல. என் கட்சி டெபாசிட் காலி!

உங்க வீட்டுக்கு...

* டெஸ்ட் டிரைவ்ல எல்லாரையும் ஏத்துங்க. வீட்டிலேயே முழங்கால் வலி அதிகம் உள்ளவர்தான் நடுவர். நாற்காலியில உட்கார்ற மாதிரி நேரா உட்கார முடியணும்.
* ஆள் ஏறினப்புறம் கிரவுண்ட் கிளியரன்ஸ் அளந்து பாருங்க.
* 'மட்', 'சேண்ட்'னு திருகற பட்டன் இருக்கறதாலேயே அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிடாது. ரெண்டு சக்கர இழுவை வண்டியில அது ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும்தான் சரிபண்ணும்.
* ஏழு சீட் வேணும்னா, கடைசி வரிசையில ஆள் உட்கார்ந்தப்புறம் டிக்கியில என்ன மிச்சம்னு பாருங்க.
* பாரத் என்கேப் பாதுகாப்பு ஸ்டார் திட்டம் 2023 அக்டோபர்லேர்ந்து நடைமுறையில இருக்கு. சன் ரூஃப் கேட்கறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க.
* இன்ஷூரன்ஸ்ல இன்ஜின் புரொடக்ஷன் கவர். எங்களை மாதிரி ஏமாறாதீங்க.
* ஓடற தண்ணி ஒரு அடி இருந்தா சின்னக் காரைத் தள்ளும். ரெண்டு அடி இருந்தா எஸ்யூவியையே தூக்கிடும்.

எந்த வண்டி வாங்கினீங்கன்னு கேட்கறீங்களா? சொல்ல மாட்டேன். உங்க தெரு வேற, உங்க பாட்டி வேற!

ஆனா இதைச் சொல்லியே ஆகணும். வண்டி வந்தப்புறம் ஒருநாள் ராத்திரி அடைமழை. நானும் அப்பாவும் வந்துட்டிருக்கோம். எதிர்ல சப்வே, உள்ளே கறுப்பா தண்ணி. பக்கத்துல ஒரு பெரிய எஸ்யூவி சர்ர்னு இறங்குச்சு. அப்பா ஸ்டியரிங்ல கையை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். புது வண்டி, உசரமான வண்டி. போயிடலாம்னுதான் தோணுச்சு.

"திருப்பிடலாம்ப்பா"ன்னேன்.

அப்பா ஒண்ணும் பேசல. சிரிச்சுக்கிட்டே ரிவர்ஸ் போட்டார். நாலு கிலோமீட்டர் சுத்தி, அரை மணி நேரம் லேட்டா வீட்டுக்கு வந்தோம். வாசல்ல பாட்டி நின்னுட்டிருந்தாங்க.