போர்வையின் ஓரத்தில் அரபு எழுத்து

பழைய காலத்து அரசரைப் போலவும் போர்வீரரைப் போலவும் உடுத்து, வரலாற்றை மீள நடித்துக் காட்டுவோர் ஐரோப்பாவில் பலர். அக்கால உடையைப் பிழையின்றித் தைக்க விரும்புவோர் அதை எங்கே தேடுவது?

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில், ஹொப்பர்க் அரண்மனைப் பொக்கிஷசாலையில் ஓர் அரசப் போர்வை இருக்கிறது. அது சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகச் செய்யப்பட்டது. சிவப்புப் பட்டில் பொன்னிழை வேலைப்பாடும் முத்து வரிசையும். நடுவே பேரீச்சமரம், இரு பக்கமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம்.

மன்னரோ கிறிஸ்தவர். ஆனால், போர்வையின் வளைந்த ஓரம் நெடுக ஓடுவது கூபி அரபு எழுத்து! சிசிலியின் தலைநகரில், அரச வேலைத்தலத்தில், ஹிஜ்ரி 528இல் செய்யப்பட்டது என்கிறது அது. அதாவது கி.பி. 1133-34. ரோஜர் முடிசூடியதோ 1130இல். ஆகவே இது அவ்விழாவுக்குத் தைத்ததன்று என்பதை அவ்வெழுத்தே தீர்த்து வைக்கிறது.

அத்தலைநகர்தான் பலர்மோ. 1184இல் அங்கு நத்தார் தினத்தைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே பொன்னிறப் பட்டுடுத்தி, முகத்திரையிட்டு வந்ததை எழுதி வைத்தார்.

சகோதரிகளே, உடை மதத்துக்கொன்றாகப் பிரிந்து கிடந்ததென நாம் எண்ணும் காலம் அது. போர்வையைத் தைத்தவர்களின் பெயர் அதில் இல்லை. அவர்களின் எழுத்து இருக்கிறது. அக்கால மன்னனுக்கு உடை தைக்க ஊசி எடுப்பவர், முதலில் அந்த ஓரத்தை வாசிக்கட்டும்.