ஹவுஸிங் போர்டுங்க

நான் அடிக்கடி ஊர் சுற்றுகிறவன். கூட்டம், கருத்தரங்கு, உண்மை அறியும் குழு என்று மாதத்தில் பத்து நாளாவது ரயிலிலும் பஸ்ஸிலும் கழியும். கடந்த சில வருஷங்களில் கொழும்பு, கோலாலம்பூர், லண்டன் என்று கடல் தாண்டியும் போய்வந்துவிட்டேன். பையைத் தூக்கினால் அம்மா ஆரம்பித்துவிடும். “இந்த வாட்டி எங்கடா? தொவச்ச துணி இன்னும் காயல, அதுக்குள்ள கெளம்பிட்ட.” திட்டிக்கொண்டே கருவாட்டைப் பொட்டலம் கட்டித் துணிகளுக்கு நடுவே செருகும். அந்த வாசனையோடுதான் நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

ஆர்.ஏ.சி. சீட்டில் காலை மடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது, நடுராத்திரி பஸ்ஸை மோட்டலில் நிறுத்தி ஆறிப்போன இட்லியை இரட்டை விலைக்கு விற்பது, இதெல்லாம் எல்லாருக்கும் உள்ள தொல்லை. சிரித்துவிட்டுப் போகலாம். விமானத்தில் சாப்பாட்டுக்கே மதம் உண்டு என்று தெரிந்தபோதும் சிரித்தேன். ‘இந்து உணவு’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கறி இருக்காதாம், கோழி இருக்கலாமாம். நான் எந்த உணவு?

சிரிக்க முடியாத தொல்லை ஒன்று உண்டு. எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்ததும் கேட்பார், “தம்பிக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னால் ஏரியா. ஏரியாவைச் சொன்னால் தெரு. அப்புறம் சொந்த ஊர், அப்பா என்ன பண்றார், குலதெய்வம் எது. ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏறுவார். கடைசிப் படியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. “கோட்டூர்புரம்” என்பேன். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். “அட, பெரிய எடமாச்சே!” ஆமாம், பெரிய இடம்தான். ஆனால் கோட்டூர்புரம் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று மரநிழல் விழும் பங்களாத் தெருக்கள். இன்னொன்று அடையாற்றங்கரையில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடுகள். வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் இன்னும் ஹவுஸிங் போர்டு என்றுதான் சொல்கிறோம். அம்மா இந்தக் கோட்டூர்புரத்திலிருந்து அந்தக் கோட்டூர்புரத்துக்குத் தினமும் காலையில் போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறது. 2015 டிசம்பரில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது என் எம்.ஏ. சான்றிதழ் கூழாகிப் போனது. பாஸ்போர்ட் ஊறி உப்பிப் போனது. லேமினேட் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழ் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மிதந்தது.

தோழர்களே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். “கோட்டூர்புரத்துல எங்க?” என்று அடுத்த படிக்கு வந்தால், “லைப்ரரி பக்கம்” என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்ததிலிருந்து எனக்கு அந்தப் பதில் கைகொடுத்தது. பொய்யில்லைதான். ஆனால் அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் சொன்னேன். மேடையில் தன்மானம் பேசிவிட்டுத் திரும்பும் ரயிலில், பங்களாக்காரப் பிள்ளையாகத் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன வருஷம் லண்டன் போயிருந்தேன். விசாவுக்கு பேங்க் கணக்கு, அழைப்புக் கடிதம், திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி எல்லாம் கேட்டார்கள். சாதியைக் கேட்கவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தில் மூன்று நாள் தங்க ஏற்பாடு. நல்ல மனுஷர்கள், மீன்குழம்பெல்லாம் வைத்திருந்தார்கள். சாப்பிடும்போது அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார்.

“சென்னையில எங்க தம்பி?”

“கோட்டூர்புரம்.”

“நல்ல ஏரியா. எங்க சித்தப்பா வீடு அங்கதான். நீங்க எந்தத் தெரு?”

‘லைப்ரரி பக்கம்’ நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு ஏனோ வெளியே வரவில்லை. “ஹவுஸிங் போர்டுங்க. அந்தப் பக்கத்து பங்களாவுலதான் எங்க அம்மா வேல செய்யுது.”

“ஓ” என்றார். அதற்குமேல் ஏணி ஏறவில்லை. தேவைப்படவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். “தப்பா நெனைக்காதீங்க தம்பி, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்க. ரூம் வேணும்.” ராத்திரி பத்து மணிக்கு இல்லாத சொந்தக்காரர்கள் விடிவதற்குள் எந்த விமானத்தில் ஏறினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக கிங் ஹென்றிஸ் ரோடு பத்தாம் எண் வீட்டுக்குப் போனேன். 1921–22இல் அண்ணல் அம்பேத்கர் லண்டனில் படித்தபோது தங்கிய வீடு. 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. அதை அருங்காட்சியகமாக வைத்திருக்க உள்ளூர் மன்றம் அனுமதி மறுத்தது, அக்கம்பக்கத்திலும் புகார். மேல்முறையீட்டில் 2020இல்தான் அனுமதி கிடைத்தது. வாசலில் நின்றபோது அவர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நினைவுக்கு வந்தது. பெயர்தான் விசா, உள்ளே இருப்பது பெரும்பாலும் உள்ளூர்ப் பயணங்கள். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன். நல்ல உடுப்பைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று கேட்டதும் பின்வாங்குகிறார். இரட்டை வாடகை தருவதாகச் சொன்ன பிறகே ஒரு வண்டி கிடைக்கிறது. அதையும் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். அதே மனிதர் அமெரிக்காவில் படித்துத் திரும்பி பரோடாவில் அரசு வேலைக்குப் போனபோது தங்க இடமில்லை. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். பதினொன்றாம் நாள் தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள்.

பெயரை மறைத்து அவர் வாங்கியது பதினொரு நாள். ஏரியாவை மறைத்து நான் வாங்கியது எத்தனை ராத்திரி? அவருக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டியிருந்தது. எனக்கு எதிர் சீட்டுக்காரரின் மரியாதை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருஷம் ஆகிவிட்டது. சாலை கிடைத்தது. சாலையில் போகிறவன் எங்கிருந்து வருகிறேன் என்று நிமிர்ந்து சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்தது.

மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்சி பிடித்தேன். காந்தி மண்டபம் சாலை வந்ததும் டிரைவர், “போர்டுக்குள்ள வண்டி வராது சார், இங்கியே எறங்கிக்குங்க” என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அந்த ஊர்லயும் கேக்கறானுங்களா?”

“கேக்கறாங்கம்மா.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“சரி, வந்து துன்னு. ராத்திரி சோறு கீது.”

அடுத்த வாரம் மதுரைக்குப் போனேன். எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன், “கோட்டூர்புரம். ஹவுஸிங் போர்டுங்க.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.