நிற்கிற நேரம்

பாறையேற்றம் என்றால் ஏறுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாவனதுர்காவிலிருந்து திரும்பிய இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாறைமேல் இருந்தது 7 மணி நேரம். அதில் நான் கைகாலை அசைத்து ஏறியது 2 மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் நின்றேன். கல்லில் அடித்த இரண்டு போல்ட்டில் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பாதி பாதம் மட்டுமே பதிகிற ஒரு விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத ஒருத்திக்குக் கயிறு விட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த ஒருத்தி என் அக்கா மகள். அவளுக்கு 24 வயது, எனக்கு 46. பெங்களூரில் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவள், ஒன்றரை வருஷமாக என்னையும் இழுத்துக்கொண்டு அலைகிறாள். வீட்டில் அக்காவிடம், மாகடிப் பக்கம் நரசிம்மர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். பொய் என்று சொல்ல முடியாது. சாவனதுர்கா அடிவாரத்தில் வீரபத்திரர் கோயிலும் இருக்கிறது, நரசிம்மர் கோயிலும் இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் நிற்கிற கல்லைப் பற்றித்தான் நாங்கள் வாய் திறக்கவில்லை.

கல் என்றால் சாதாரணக் கல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரத்தில் உச்சி. கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். கருங்குன்று, வெண்குன்று என்று தமிழ்க் காது தானாகவே பெயர்த்துக்கொள்ளும். 250 கோடி வருஷத்துக்கு முன் பூமிக்கடியில் உருகிக் குளிர்ந்த கிரானைட். புவியியல்காரர்கள் இதை க்ளோஸ்பேட் கிரானைட் என்கிறார்கள். ராமநகரத்துக்கு ஒரு காலத்தில் பாரி க்ளோஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயரில் க்ளோஸ்பேட் என்று பெயர். கல்லின் வயதுக்கு முன்னால் அந்தப் பெயருக்கு என்ன வயது இருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1791 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து இங்கிருந்த கோட்டையைப் பிடித்தது. நாங்கள் போனதும் டிசம்பர்தான். பீரங்கி கொண்டுபோகவில்லை.

இங்கே பெளதிங்களு, தீபாவளி என்று பெயர் வைத்த ரூட்கள் உண்டு. பெளதிங்களு என்றால் நிலவொளி; நம் திங்கள்தான் அது. நாங்கள் ஏறியது எது என்று சொல்லமாட்டேன். 7 மணி நேரமா என்று அதில் ஏறியவர்கள் சிரிப்பார்கள். நடுத்தரமான ரூட் என்பது மட்டும் போதும்.

60 மீட்டர் கயிறு ஒரே மூச்சில் உச்சிக்கு எட்டாது. அதனால் ரூட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டு ஒரு பிட்ச். முன்னால் போகிறவள் வழியில் வரும் போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறி, பிட்ச் முடிகிற இடத்தில் இரண்டு போல்ட்டில் (அதுதான் ஆங்கர்) தன்னைக் கட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவளை மேலிருந்து கயிற்றால் பிடித்து ஏற்றுவாள். பிறகு மறுபடியும் அதே கதை. ஒருத்தி ஏறும்போது மற்றவள் கட்டிப்போட்ட மாடு மாதிரி ஓரிடத்தில் நிற்கவேண்டும்.

முதல் பிட்சில் அவள் ஒரு மேட்டைத் தாண்டி மறைந்ததும் எனக்குச் சலிப்புதான் வந்தது. கீழே மரங்கள், தூரத்தில் மஞ்சனபெலே அணைத் தண்ணீர், எங்கேயோ ஒரு ஆட்டுக்குட்டி. பத்து நிமிஷத்தில் காட்சி தீர்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் கையிலிருந்த கயிற்றைக் கவனித்தேன். அது சும்மா போகவில்லை. சீராகப் போனால் நல்ல சரிவு. ஒரு அங்குலம் போய், நின்று, ஒரு அங்குலம் திரும்பி வந்தால் அடுத்த காலடிக்கு இடம் தேடுகிறாள். சட்டென்று ஒரு கை நீளம் இழுபட்டால் போல்ட்டில் மாட்டுகிறாள். அப்போது தாமதிக்காமல் விடவேண்டும், இல்லாவிட்டால் கெட்ட வார்த்தை காற்றில் வரும். சித்தி என்ற மரியாதையெல்லாம் தரையோடு சரி.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. கயிறு திடீரென்று விறுவிறுவென மேலே ஓடும். ஆங்கருக்குப் போய்ச் சேர்ந்து மிச்சக் கயிற்றை மேலே இழுக்கிறாளா, சுலபமான சரிவில் வேகமாக நடக்கிறாளா? இரண்டும் கையில் ஒரே மாதிரிதான் தெரியும். காற்றில் குரல் கேட்காது. கேட்டாலும் பக்கத்து ரூட்டில் யாரோ கத்தியதாக இருக்கலாம். அதனால்தான் பேரைச் சேர்த்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். நிச்சயம் தெரியாதவரை பிலேயை, அதாவது கயிற்றைப் பிடித்திருக்கிற பிடியை, எடுக்கக்கூடாது. நாங்கள் மூன்று இழுப்பு என்று பேசி வைத்திருந்தோம். மூன்று வரும்வரை எனக்கு மூக்கு அரித்தாலும் கையை எடுக்கவில்லை.

ஏறுவது பற்றியும் சொல்லவேண்டும். சாவனதுர்காவில் பிடிக்க ஒன்றும் இருக்காது. இது ஸ்லாப், அதாவது சாய்ந்த வழுக்குப் பாறை. ரப்பர் ஷூவின் அடியைக் கல்மேல் தேய்த்து வைத்து, உராய்வை நம்பி நிற்கவேண்டும். பயந்தால் உடம்பு தானாகப் பாறையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டினால் கால் மேலிருக்கிற பாரம் விலகி ஷூ வழுக்கும். இடுப்பைப் பள்ளத்தின் பக்கம் தள்ளி, நிமிர்ந்து நின்றால்தான் கால் பிடிக்கும். வெயில் ஏறினால் கல் சுடும், ரப்பர் குழையும். அதனால்தான் விடியற்காலைக் கிளம்பல். செண்ட் வேண்டாம் என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். கல்லுக்கு அடியில் எங்காவது மலைத்தேனீ அடை தொங்கும். அது கலைந்தால் கயிற்றில் கட்டிய ஆள் எங்கே ஓடுவது?

நான்காவது பிட்சை நான் முன்னால் போய் ஏறினேன். ஆசைதான். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் 8 மீட்டராவது இருக்கும். ஏன் இவ்வளவு தூரம் என்று கீழே நின்றபோது குறைபட்டவள் நான். கீழிருந்து ஏறிக்கொண்டே, பாதத்தை நம்பி நின்றபடி, சுத்தியலும் கையுளியும் வைத்து ஒரு துளை போடுவதற்கு அரைமணி நேரமாவது ஆகும் என்று அவள் விளக்கினாள். அப்படி அடிக்கிறவர் நிற்க முடிந்த இடத்தில்தான் அடிப்பார். எனக்குப் பயம் வருகிற இடத்தைப் பார்த்து அடிக்கமாட்டார்.

போல்ட்டுக்கு மேல் 5 மீட்டரில் வலது கால் ஆட ஆரம்பித்தது. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி, நான் சொல்லாமலே. விழுந்தால் 10 மீட்டரும், கயிறு நீள்கிற அளவுக்கு இன்னும் கொஞ்சமும். ஸ்லாப்பில் விழுந்தால் அந்தரத்தில் தொங்கமாட்டோம். தேங்காய் துருவுகிற மாதிரி கல்லோடு உரசிக்கொண்டே போவோம். குதிகாலை இறக்கி, மூச்சை விட்டு, ஒரு சின்னப் படிகத்தைக் கண்ணால் பிடித்தேன். கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. தைரியம் சொல்லவில்லை, "பார்த்து சித்தி" என்றுகூடச் சொல்லவில்லை. கோபம் வந்தது. கோபத்திலேயே காலை மாற்றி வைத்தேன்.

ஆங்கரில் வந்து சேர்ந்தவளிடம் கேட்டேன். "ஏன்டி வாயே திறக்கல?"

"உன் கயிறு ஆடுச்சு சித்தி. கால் நடுங்குதுன்னு தெரிஞ்சுது. பேசினா நீ கீழ பாப்பே."

அவளும் கயிற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிப் பிட்சில் கயிறே தேவையில்லாத அளவுக்குச் சரிவு தணிந்துவிடுகிறது. மேலே நந்தி மண்டபத்தருகே, இன்னொரு பக்கத்து நடைபாதையாக வந்த குடும்பம் உட்கார்ந்து புளியோகரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பாட்டி. காலில் செருப்பில்லை. எங்கள் இடுப்பில் தொங்கிய இரும்பையெல்லாம் பார்த்து, கீழே விழுந்த எதையோ எடுக்கப் போனீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றாள் இவள்.

கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் போனில் சிக்னல் வந்தது. அம்மாவிடமிருந்து 9 மிஸ்டு கால். காலையிலிருந்து அக்காவும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள்; அவள் கையில் கயிறு இல்லை, அவ்வளவுதான்.

"நீயே பேசு சித்தி," என்று போனை என் கையில் திணித்தாள்.

"கோயிலுக்குத்தானே போனீங்க ரெண்டு பேரும்? இன்னுமா தரிசனம் முடியல?"

நந்திக்குக் கீழே, எங்கள் கால் விரல்களுக்கு நேர் கீழே, நரசிம்மர் கோயில் கோபுரம் சீட்டுக்கட்டு அளவில் தெரிந்தது.

"இப்பதான்க்கா போய்க்கிட்டிருக்கோம்," என்றேன்.