கரையில் எறிந்த கிளை

இரணைமடு வாய்க்கால் கரையில் வளர்ந்தவனுக்கு ஓடும் நீரில் தடி கிடந்தால் கை சும்மா இருக்காது. விதைப்புக்கு முன் ஊரே சிரமதானத்துக்கு இறங்கி, கொடியையும் தடியையும் இழுத்துப் போட்டால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். வன்கூவர் தீவில் ஓர் ஓடைத் திருத்த வேலைக்குத் தொண்டனாகப் போன முதல்நாள், அந்தப் பழக்கத்தில் நீரில் கிடந்த கிளையொன்றைத் தூக்கிக் கரையில் எறிந்தேன். பொறுப்பாக நின்ற பெண்மணி சிரித்தபடி அதைத் திரும்பவும் நீரில் போட்டார்.

என் பிழை இந்த நாடும் செய்த பிழைதான். கரைவரை காடு வெட்டிய காலத்தில் ஓடைகளில் மரக்கழிவு குவிந்தது. சால்மன் ஏறி வர வழியில்லை என்று, தானாக விழுந்து கிடந்த பழைய மரங்களையும் சேர்த்து அகற்றினார்கள். ஆனால் விழுந்த மரம்தான் நீரின் வேகத்தை அடக்கி மடு பறிக்கிறது. கோஹோ சால்மன் குஞ்சுகள் ஒரு வருடம், சிலவேளை இரண்டு வருடம், அந்த மடுக்களில்தான் வளர்கின்றன. மரம் போனால் மாரி வெள்ளம் சரளையை உருட்டிக்கொண்டு போய்விடும். தாய்மீன் வாலால் குழி பறித்து முட்டையிடுவது அந்தச் சரளையில். மேலேயுள்ள லொறிப் பாதைகளிலிருந்து வழியும் சேறு அதன் இடுக்குகளை அடைத்தால் முட்டைக்கு மூச்சு முட்டும்.

தீவின் மேற்குக் கரையில் கார்னேஷன் என்ற ஓடையை 1970களின் தொடக்கம் முதல் அளந்து வருகிறார்கள். மரம் வெட்டியபின் நீர் சற்றுச் சூடேறி, கோஹோ முட்டைகள் முந்திப் பொரித்தன. குஞ்சுகள் விரைவாக வளர்ந்து இளவயதிலேயே கடலுக்குப் போயின. கேட்க நல்லதுபோல இருக்கும். கழிமுகத்தருகே முட்டையிடும் சம் சால்மனோ பெரிதும் குறைந்தது. 1995இல் நடைமுறைக்கு வந்த வனச் சட்டம், மீன் வாழும் ஓடைகளின் கரையில் அகலத்தைப் பொறுத்து 20 முதல் 50 மீற்றர் வரை மரம் வெட்டத் தடை விதித்தது. ஒன்றரை மீற்றரிலும் ஒடுங்கிய சிற்றோடைகளுக்கு அந்தத் தடையும் இல்லை.

எங்கள் ஓடையில், நீர் வற்றிய ஓகஸ்டில் இயந்திரத்தால் மரக்குற்றிகளை இறக்கி, பாறைகளோடு இரும்புக் கம்பியால் பிணைத்தோம். மழை தொடங்கியதும் கரையில் சீடார் கன்றுகள் நட்டோம். அவை பருத்து, முதிர்ந்து, ஓடைக்குள் சாய நூறு வருடத்துக்கு மேலாகும். அதுவரைதான் இந்தக் குற்றிகள்.

கிளிநொச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை.

"விழுறதுக்கெண்டே மரம் நடுறியளோ?"

"ஓம் அப்பா."